மிளகாய்ச் செடியில் இலை சுருண்டால்

முதலில் இலை எந்தப் பக்கம் சுருள்கிறது என்று பாருங்கள். விளிம்பு மேல்நோக்கிப் படகுபோல் மடிந்தால் பெரும்பாலும் இலைப்பேன். கொழுந்தை வெள்ளைத் தாளின் மேல் தட்டுங்கள். ஊசிமுனை அளவில் மஞ்சளாக ஊர்ந்தால் அதுதான். கீழ்நோக்கிக் கவிழ்ந்து, காம்பு நீண்டு, இலை குறுகினால் சிலந்திப்பேன்.

இலைப்பேனுக்கு வேப்பெண்ணெய் போதும். 5 மி.லி. எண்ணெயில் அரை ஸ்பூன் காதி சோப்புக் கரைசலைக் கலந்து, பால்போல் ஆனபின் 1 லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். சோப்பு சேர்க்காவிட்டால் எண்ணெய் மிதந்து, கடைசியில் இலையைக் கருக்கும். வெயில் தாழ்ந்தபின், இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். மேலே மட்டும் தெளிப்பது வீண் வேலை. வாரம் ஒருமுறை, மூன்று தடவை.

சிலந்திப்பேனுக்கு நனையும் கந்தகத்தூள் (தண்ணீரில் கலந்து தெளிக்கும் வகை), லிட்டருக்கு 3 கிராம். வேப்பெண்ணெய் அடித்து இரண்டு வாரம் ஆகாமல் இதை அடிக்காதீர்கள், கொளுத்தும் வெயிலிலும் வேண்டாம், இலை தீய்ந்துவிடும்.

இலை சிறுத்து, நரம்பு வெளுத்து, செடியே குட்டையாக நின்றால் வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். அதற்கு மருந்தில்லை. மனசு கேட்காதுதான், இருந்தாலும் பிடுங்கி, பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.