வீடற்ற முதியோரைக் குடியமர்த்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் பாரிமுனை, சென்ட்ரல், ராயபுரம் பகுதிகளின் நடைபாதைகளில் இரவைக் கழிக்கும் முதியவர்களுக்கு உதவ முன்வரும் நல்ல மனிதர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆயினும் காப்பகத்திலோ முதியோர் இல்லத்திலோ சேர்க்கப்பட்டவர்களில் பலர் சில வாரங்களிலேயே பழைய இடத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். தெருவே அவர்களுக்குப் பழகிவிட்டது என்று சொல்லி அதைக் கடந்துவிடுவது எளிது. ஆனால் பெரும்பாலும் பிழை அவர்களிடம் இல்லை. நாம் குடியமர்த்திய விதத்தில் இருக்கிறது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, கேட்காமல் அழைத்துச் செல்வது. ஒரு பெரியவர் நாள்தோறும் ஒரே கடை வாசலில் படுப்பதற்குக் காரணம் இருக்கும். அவர் அந்தக் கடைக்கு இரவுக் காவலாக இருந்து காலைச் சாப்பாட்டுக்குப் பணம் பெறுகிறவராக இருக்கலாம்; பக்கத்து அரசு மருத்துவமனையில் மாதந்தோறும் சர்க்கரை மாத்திரை வாங்குகிறவராக இருக்கலாம். தலைமாட்டில் கிடக்கும் மூட்டையைக் கந்தல் என்று எண்ணி விட்டுவிட்டு ஆளை மட்டும் வண்டியில் ஏற்றுவது பெருங்கேடு. பாலித்தீன் உறையில் மடித்து வைத்த குடும்ப அட்டை நகல், வங்கிப் புத்தகம், மருத்துவமனைச் சீட்டு எல்லாம் அதற்குள்தான் இருக்கும். அது தொலைந்தால் அவற்றைத் திரும்பப் பெறவே மாதக்கணக்கில் அலைய நேரும். காப்பகங்களில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம் என்பதால் வயதான தம்பதியைப் பிரித்துச் சேர்த்துவிடுவதும் நடக்கிறது. நாற்பது ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தவர்கள் அங்கிருந்து வெளியேறினால் அதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

காப்பகத்தையே வீடாகக் கருதுவது அடுத்த தவறு. நகரங்களில் ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு காப்பகம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் உத்தரவிட்டதன் நோக்கம், திறந்தவெளியில் எவரும் உறங்கக் கூடாது என்பதே. காப்பகம் உயிரைக் காக்கும் இடம். கதவைச் சாத்திக்கொண்டு தனக்கென்று இருக்கக்கூடிய இடம் அன்று. அங்கே கிடைக்கும் நாட்களை ஆவணங்களைச் சரிசெய்யப் பயன்படுத்த வேண்டும். முகவரி இல்லாததால் ஆதார் எடுக்க முடியாது என்று பலர் முயலாமலே விட்டுவிடுகிறார்கள். அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தின் தலைவர் உரிய படிவத்தில், புகைப்படத்துடன் தரும் சான்று ஆதாருக்கு ஏற்கத்தக்கது. உழைத்துத் தேய்ந்த விரல்களில் ரேகை பதியாவிட்டால் கருவிழிப் பதிவு இருக்கிறது. அதன் பின்னரே 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வழி பிறக்கும். ஏற்கெனவே உதவித்தொகை பெறுகிறவராயின், குடிமாறியதும் முகவரி மாற்றத்தை வட்டாட்சியர் அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். பழைய முகவரியில் ஆள் இல்லை என்று பதிவானால் அந்தத் தொகை நின்றுபோகக் கூடும்.

குடும்பம் பற்றிய இரண்டு எதிரெதிர்த் தவறுகளையும் காண்கிறோம். மகன் இருக்கிறான் என்று தெரிந்தவுடன் பெரியவரின் விருப்பத்தைக் கேளாமல் அங்கேயே கொண்டுபோய் விடுகிறார்கள் சிலர். அவர் அடி தாங்காமல் வெளியேறியவராக இருக்கலாம் என்று அவர்கள் எண்ணுவதில்லை. வேறு சிலரோ, குடும்பம் கைவிட்டால் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், 2007இன்படி கோட்டாட்சியர் நிலையிலுள்ள தீர்ப்பாயத்தில் பராமரிப்புத் தொகை கோரலாம். பெரியவரால் முடியாதபோது, அவர் அதிகாரமளித்த வேறொருவரோ அமைப்போ அவருக்காக மனு அளிக்கலாம். வீட்டைப் பிள்ளைக்கு எழுதிக்கொடுத்துவிட்டுத் தெருவுக்கு வந்தவராயின், சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்தப் பத்திரத்தின் நகலை முதலில் வாங்கிப் படிக்க வேண்டும். தம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் கொடுத்து, அது மீறப்பட்டிருந்தால், அந்த உரிமை மாற்றத்தைச் செல்லாது என அறிவிக்கச் சட்டத்தின் 23ஆம் பிரிவு இடமளிக்கிறது. எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாதவர்கள் 14567 என்ற கட்டணமில்லா முதியோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

இடத்தைத் தேர்வதில் வாடகையை மட்டும் பார்ப்பதும் பின்னால் வீட்டை இழக்கச் செய்யும். பாரிமுனையில் பூக்கட்டியோ மூட்டை பிரித்தோ பிழைத்தவருக்கு 25 கிலோமீட்டருக்கு அப்பால் பெரும்பாக்கத்தில் இடம் கிடைத்தால், வீடு வந்து பிழைப்பு போய்விடும். பெண்களுக்குச் சாதாரணப் பேருந்துகளில் கட்டணமில்லை. 60 வயது கடந்த ஆண்களுக்கோ மாநகரப் பேருந்தில் மாதம் 10 இலவச டோக்கன்கள்தான், அதாவது ஐந்து நாள் போய்வருவதற்கு மட்டும். பழைய தெருவின் அருகிலேயே, மாடிப்படி ஏறத் தேவையில்லாத, கழிப்பறையில் பிடித்து எழக் கம்பி பொருத்த இடமுள்ள ஓர் அறை கிடைத்தால், வாடகை சற்றுக் கூடினாலும் அதுவே சிறந்தது என்பேன்.

மனநலப் பாதிப்போ மறதிநோயோ உள்ளவர்களால் தனி வீட்டில் வாழவே முடியாது என்று முன்கூட்டியே தீர்ப்பு எழுதுவதும் சரியன்று. சென்னையில் 1993இல் தொடங்கப்பட்ட ‘தி பேனியன்’ அமைப்பின் ‘ஹோம் அகெய்ன்’ திட்டத்தில், நெடுங்காலம் மனநோயுடன் வாழ்ந்தவர்கள் நான்கைந்து பேராக, ஊருக்குள் வாடகை வீடுகளில், உடனிருந்து உதவும் பணியாளர்களின் துணையுடன் குடியிருக்கிறார்கள்.

சாவியைக் கொடுத்தவுடன் நாம் விலகிக்கொள்வதுதான் கிடைத்த வீடு கைநழுவுவதற்கு முக்கியக் காரணம். தனியாக இருக்கும் முதியவருக்கு வீடு தர உரிமையாளர்கள் தயங்குவது வாடகைக்காக மட்டும் அன்று. இரவில் உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டால் யாரை அழைப்பது, இறந்துவிட்டால் இறுதிச் சடங்கை யார் செய்வார்கள் என்ற அச்சமே பெரிது. அதைப் பேசாமல் மறைப்பதைவிட, பொறுப்பேற்கும் இருவரின் தொலைபேசி எண்களைக் கொடுத்து, இறுதிச் சடங்கு உட்பட எல்லாவற்றுக்கும் நாங்கள் வருவோம் என்று வெளிப்படையாகச் சொன்னால் கதவு திறக்கிறது. 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியிருப்பதால், முதியவரின் பெயரிலேயே அதை எழுதிப் பதிவு செய்ய வேண்டும். உதவுகிறவரின் பெயரில் எழுதினால், அவர் ஊர் மாறும் நாளில் முதியவரின் உரிமையும் கேள்விக்குள்ளாகும். உதவித்தொகை தாமதமாகும் மாதங்களில் முதலில் நிற்பது வாடகைதான். ஆகவே முன்பணம் திரட்டும்போதே இரண்டு மாத வாடகையையும் சேர்த்துத் திரட்டித் தனியே வைத்துவிட வேண்டும்.