ஈஸ்டரை வீட்டில் பிள்ளைகளோடு கொண்டாடும்போது நாம் செய்கிற தவறுகள்

பெரிய வெள்ளி ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் நம்மில் பாதிப் பேருக்கு ஞாபகம் வரும், பிள்ளைகளுக்கு ஈஸ்டருக்கு ஏதாவது செய்யணுமே என்று. போனைத் திறந்து தேடினால் எல்லாம் வெளியூர்ச் சரக்கு. மார்ஷ்மெல்லோவை மாவுக்குள் சுருட்டி ஓவனில் வைத்தால் அது உருகிப்போய் பன்னுக்குள் வெறும் பொந்துதான் இருக்கும், அதுதான் காலிக் கல்லறையாம். பன்னிரண்டு பிளாஸ்டிக் முட்டைகளுக்குள் ஆணி, காசு, துணித் துண்டு, சின்னக் கல் என்று வைத்து ஒவ்வொன்றாகத் திறந்து கதை சொல்வது இன்னொன்று. யோசனைகளில் குறையில்லை. ஆனால் ஓவன் இல்லாத வீட்டில் மார்ஷ்மெல்லோ தேடிக் கடை கடையாக ஏறி இறங்கி அலுத்துப் போய், கடைசியில் பன்னைக் கையில் கொடுத்து "காலியா இருக்குல்ல, அதான் ஈஸ்டர்" என்று முடித்துவிடுகிறோம். பொருள் தேடப் போன நேரத்தில் கால்வாசி கூடக் கதைக்குப் போவதில்லை, மற்ற பல தவறுகளும் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

அந்தக் கல்லறைக்கு விடியற்காலையில் யார் போனார்கள், கையில் வாசனைப் பொருட்கள் எதற்கு, "கல்லை யார் நமக்காகப் புரட்டுவார்" என்று வழியெல்லாம் ஏன் கவலைப்பட்டார்கள், இதெல்லாம் பைபிளில் மாற்கு 16ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அது பிள்ளைக்குத் தெரிந்திருந்தால் பன்னும் வேலை செய்யும், பன் இல்லாவிட்டாலும் ஒன்றும் குறையாது. சனிக்கிழமை இரவு புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு, பத்து நிமிடம் உங்கள் வாயால் சொல்லுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நாள் குறிப்பதிலும் சறுக்குகிறோம். கிறிஸ்துமஸ் டிசம்பர் 25 என்று அசையாமல் நிற்கும், ஈஸ்டர் மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் நடுவில் எந்த ஞாயிறிலும் வரும். 2025இல் ஏப்ரல் 20, 2026இல் ஏப்ரல் 5, 2027இல் மார்ச் 28. நம் ஊரில் இது முழு ஆண்டுத் தேர்வு சமயம். கேலண்டர் வாங்கியதும் அந்த வாரத்தைக் குறித்துவைத்துக்கொண்டால், கணக்குப் பரீட்சைக்கு முந்தின ராத்திரி முட்டைக்குச் சாயம் ஏற்றுகிற கூத்து நடக்காது.

வெள்ளிக்கிழமையோடு தீர்ந்துபோகிறது

நம் வீடுகளில் பெரிய வெள்ளிக்கு இருக்கிற கனம் ஞாயிறுக்கு இல்லை. மதியம் 12 முதல் 3 வரை இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளின் தியானம், கத்தோலிக்க வீடென்றால் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் முழுக்க அவர் சிலுவை சுமந்த வழியைத் தியானிக்கும் சிலுவைப்பாதை, ஊருக்கு ஊர் பாடுகளின் நாடகம், அன்றைக்கு வீட்டில் டிவி கிடையாது, சத்தமாகப் பேசக்கூடாது. ஞாயிறு? விடியற்கால ஆராதனை, மட்டன் பிரியாணி, மதியத் தூக்கம். இயேசு செத்தது பிள்ளையின் மனதில் ஆழமாகப் பதிகிறது, எழுந்தது ஒரு வரிச் செய்தியாக நின்றுவிடுகிறது. இப்படியே வளர்ந்த பெரியவர்கள் எத்தனை பேர் இருக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள்.

வெள்ளிக்கிழமையைக் குறைக்கச் சொல்லவில்லை, வயதுக்கு ஏற்றபடி அளந்து கொடுங்கள் என்கிறேன். ஐந்தாறு வயதுப் பிள்ளையை உட்காரவைத்துச் சாட்டையடியும் ரத்தமுமான படத்தைக் காட்டினால் பக்தி வராது, ராத்திரி அலறல்தான் வரும். நற்செய்தி நூல்களே சாட்டையடியை ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடுகின்றன, அதைவிட அதிகமாக ஒரு சிறு பிள்ளைக்கு எதற்கு? சிலுவைப்பாதையின் 14 நிலைகளையும் முழு ஜெபத்தோடு வீட்டில் செய்தே தீருவேன் என்று நிற்கவும் வேண்டாம். பாரம் சுமக்க உதவிய சீமோன், வழியில் அழுத பெண்கள், சிலுவையடியில் நின்ற அம்மா, உடலை வாங்கி நல்லடக்கம் செய்த அரிமத்தியா ஊர் யோசேப்பு என்று கூட நின்றவர்களைப் பற்றி நாலு இடங்களில் நின்று பேசினால் போதும். அந்த வயதுக்கு அதுதான் பிடிபடும்.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. "நீ பொய் சொன்னேல்ல, அதுக்குத்தான் இயேசுவைச் சிலுவையில அறைஞ்சாங்க." சேட்டை பண்ணுகிற பையனை அடக்க இதை ஆயுதமாக எடுக்கிற வீடுகள் நிறைய. பெரியவர்களுக்கான இறையியலை ஏழு வயது முதுகில் ஏற்றிவைத்தால், தான் ஒரு கொலைக்குக் காரணம் என்று நினைத்துக்கொண்டே அந்தப் பிள்ளை தூங்கப் போகும். தயவுசெய்து வேண்டாம். அதேபோல "யூதர்கள்தான் கொன்னாங்க" என்பதும் நம் வாயில் சாதாரணமாக வருகிறது. இயேசு யூதர், மரியாள் யூதர், பன்னிரண்டு சீடர்களும் யூதர்கள், சிலுவை ரோமானிய அரசு கொடுத்த தண்டனை. இந்தப் பழியை அந்த மக்கள் எல்லார் மீதும் போடக்கூடாது என்று கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965லேயே எழுதிவைத்துவிட்டது, நாம்தான் இன்னும் ஞாயிறு பள்ளியில் பழையபடி சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

"அப்போ தாத்தாவும் வருவாரா?"

உயிர்த்தெழுந்த கதையைச் சரியாகச் சொன்னால் இந்தக் கேள்வி வந்தே தீரும், குறிப்பாக அந்த வருடம் வீட்டில் ஒரு இழப்பு நடந்திருந்தால். நாம் என்ன செய்வோம்? பேச்சை மாற்றுவோம், அல்லது "தாத்தா தூங்குறாரு", "கடவுளுக்கு அவரை ரொம்பப் பிடிச்சுப்போச்சு, எடுத்துக்கிட்டாரு" என்போம். முதலாவதைக் கேட்ட பிள்ளை படுக்கைக்குப் போகவே பயப்படும். இரண்டாவதைக் கேட்டது, கடவுளுக்கு நம்மைப் பிடித்துவிடக்கூடாதே என்று உள்ளுக்குள் வேண்டிக்கொள்ளும். சின்னப் பிள்ளைகள் நாம் சொல்வதைச் சொல்லுக்குச் சொல் அப்படியே எடுத்துக்கொள்பவர்கள்.

நேராகச் சொல்லலாம். தாத்தா இறந்துவிட்டார், அவர் உடல் வேலை செய்வதை நிறுத்திவிட்டது, இந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வாசலில் வந்து நிற்க மாட்டார். இயேசு எழுந்ததால், அவரோடு தாத்தாவும் ஒருநாள் எழுவார் என்று நாம் நம்புகிறோம், அது எப்போது என்று எனக்குத் தெரியாது. "தெரியாது" என்று அப்பா சொல்வதைக் கேட்டால் பிள்ளையின் விசுவாசம் குலைந்துவிடாது. கல்லறைத் தோட்டம் பக்கத்தில் இருந்தால் ஈஸ்டர் அன்று ஒரு பூவோடு போய்வாருங்கள், அழுகை வந்தால் வரட்டும். மகதலேனா மரியாளும் ஈஸ்டர் காலையில் அழுதுகொண்டுதான் நின்றாள், எதிரே நிற்பவர் தோட்டக்காரர் என்றே நினைத்தாள். யோவான் 20இல் இருக்கிற இந்தப் பகுதியை விட்டுவிட்டு நேரே அல்லேலூயாவுக்குத் தாவுவதும் ஒரு தவறுதான்.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் வேறு மாதிரி மடக்குவார்கள். மத்தேயுவில் ஒரு தேவதூதர், யோவானில் இரண்டு, மாற்கில் வெள்ளை அங்கி போட்ட ஒரு இளைஞர், எது சரி? "பைபிள்ல அப்படில்லாம் கேள்வி கேட்கக்கூடாது" என்று வாயை மூடினால் அடுத்த கேள்வியை அது உங்களிடம் கேட்காது, யூட்யூபில் கேட்கும். நாலு நற்செய்தியையும் விரித்துவைத்து, யார் என்ன சொல்கிறார் என்று ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதச் சொல்லுங்கள். கல்லறைக்குப் போனதில் நாலு பேரும் சொல்கிற பெயர் எது என்று தேடச் சொல்லுங்கள். மகதலேனா மரியாள். பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இதைவிட நல்ல விளையாட்டு நான் பார்த்ததில்லை, செலவு ஒரு தாள், ஒரு பென்சில்.

நோன்பு, கால் கழுவுதல், குருத்தோலை

பிள்ளைகளைக் கட்டாயப்படுத்திப் பட்டினி போடாதீர்கள். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டமே இறைச்சி தவிர்ப்பதை 14 வயது முடிந்தவர்களுக்கும், நோன்பை 18 வயது முடிந்தவர்களுக்கும்தான் விதிக்கிறது. வேண்டுமானால் சாயங்காலத் தின்பண்டத்தை விட்டுவிட்டு அந்தக் காசை உண்டியலில் போடட்டும். ஆனால் அந்த உண்டியல் எங்கே போகிறது என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். அப்பா எண்ணி, அப்பா கவரில் போட்டு, அப்பா காணிக்கைத் தட்டில் வைத்தால் பிள்ளைக்கு அதில் என்ன இருக்கிறது? எங்கே கொடுக்கலாம் என்று கூட உட்கார்ந்து முடிவு செய்யுங்கள், கொடுக்கும்போது கூட்டிக்கொண்டு போங்கள்.

பெரிய வியாழன் அன்று வீட்டில் கால் கழுவுவது அருமையான வழக்கம், ஆனால் நம் ஊர்ப் பழக்கம் உள்ளே புகுந்து அதைத் தலைகீழாக்கிவிடும். பெரியவர்கள் நாற்காலியில் உட்கார்ந்துகொள்ள, பிள்ளைகள் பாதம் கழுவி ஆசி வாங்குவார்கள். யோவான் 13இல் கழுவியது குரு, சீடர்கள் அல்ல. அப்பா குனிந்து மகளின் காலைக் கழுவினால் அவள் கூச்சப்படுவாள், சிரிப்பாள், காலை இழுத்துக்கொள்வாள். பேதுருவும் அதைத்தானே செய்தார்? இடத்தை மாற்றாமல் இருந்தாலே போதும், விளக்கமே தேவைப்படாது. கேரளத்து சிரியன் கிறிஸ்தவ வீடுகளில் அன்றிரவு குடும்பத் தலைவர் பெசஹா அப்பம் என்கிற புளிப்பில்லாத அப்பத்தைப் பிட்டு, வயதில் மூத்தவரிலிருந்து வரிசையாகக் கொடுப்பார். அந்த வழக்கம் இல்லாத நம் வீடுகளில், சினிமா போல நற்கருணை நடிப்பு நடத்த வேண்டியதில்லை. ஒரு சப்பாத்தியை எல்லோரும் பகிர்ந்து சாப்பிட்டால் போதும்.

ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறான குருத்து ஞாயிறு அன்று கோவிலில் கொடுக்கும் குருத்தோலையை வாங்கிவந்து ஃபிரிட்ஜ் மேலே போட்டுவிடுகிறோம், அது காய்ந்து மறுவாரம் குப்பைக்குப் போகிறது. ஓலையில் சிலுவை மடிக்கத் தெரிந்த ஆச்சியோ பாட்டியோ வீட்டில் இருந்தால் யூட்யூபைத் தேடாதீர்கள், அவர்களிடம் பிள்ளையை விடுங்கள். ஓலை பச்சையாக இருக்கும்போதே மடித்தாக வேண்டும், காய்ந்தால் ஒடியும். அடுத்த வருடம் அதே ஓலையை எரித்துத்தான் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்குச் சாம்பல் எடுப்பார்கள் என்று சொல்லிவைத்தால் பிள்ளை அதை வருடம் முழுக்கப் பத்திரமாகக் காவல் காக்கும்.

தோட்டம், முட்டை, வெயில்

ஈஸ்டர் தோட்டம் எல்லோரும் ஆசையாக ஆரம்பித்து வெறும் மண்ணோடு முடிக்கிற ஒன்று, காரணம் சனிக்கிழமை விதைப்பது. மண்தட்டில் சின்னத் தொட்டியைச் சாய்த்துப் புதைத்துக் கல்லறையாக்கி, சுற்றிலும் வெந்தயமோ கடுகோ குருத்து ஞாயிறு அன்றே தூவிவிடுங்கள். நம் வெயிலுக்கு ஒரு வாரத்தில் பச்சை கட்டிவிடும். கொத்தமல்லி வேண்டாம், அது மெதுவாகத்தான் முளைக்கும். முளைப்பாரி போடத் தெரிந்த ஊருக்கு இதெல்லாம் சொல்லித்தர வேண்டுமா என்ன! வாசலில் வைத்த கல்லை வெள்ளிக்கிழமை மூடுவதும், ஞாயிறு காலையில் பிள்ளை எழுவதற்குள் யாரும் பார்க்காமல் புரட்டிவைப்பதும் உங்கள் பொறுப்பு. மறந்து தூங்கிவிடாதீர்கள்.

முட்டை வேண்டுமா வேண்டாமா என்று ஒவ்வொரு வருடமும் வாட்ஸ்அப்பில் ஒரு சண்டை நடக்கும். பழைய ஐரோப்பாவில் தவக்கால நோன்பில் முட்டையும் விலக்கு, கோழி அதற்காக இடுவதை நிறுத்தாது, சேர்ந்துபோன முட்டையெல்லாம் ஈஸ்டருக்குச் சமையலுக்கு வந்தது. அவ்வளவுதான், பயப்பட ஒன்றுமில்லை. முயல் ஜெர்மன் நாட்டுப் பழக்கம், நமக்கு அவசியமும் இல்லை. செய்வதென்றால் கடைச் சாயம் வேண்டாம், வெங்காயத் தோல், பீட்ரூட், மஞ்சள் போட்டுக் கொஞ்சம் வினிகரோடு கொதிக்கவைத்தாலே நிறம் பிடிக்கும், வெள்ளை முட்டையில் நன்றாக, நாட்டு முட்டையில் மங்கலாக. வெந்த முட்டையை ஏப்ரல் வெயிலில் தோட்டத்தில் ஒளித்துவைத்து, மதியம் கண்டெடுத்துச் சாப்பிடக் கொடுப்பதுதான் உண்மையான ஆபத்து. 32 டிகிரிக்கு மேல் போனால் ஒரு மணி நேரம்தான் தாங்கும். சாக்லேட் முட்டை அதற்கும் முன்னால் உருகிவிடும். ஒளிக்கிற விளையாட்டுக்கு மரமுட்டையோ கூழாங்கல்லோ வையுங்கள்.

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை இரவு நடக்கும் பாஸ்கா திருவிழிப்பு வழிபாடு வெகுநேரம் போகும் என்று பிள்ளைகளைப் பாட்டியோடு விட்டுவிட்டுப் போவது எனக்கு மனது கேட்பதில்லை. புது நெருப்பு, இருட்டுக் கோவில், ஒரே ஒரு பெரிய மெழுகுவர்த்தி உள்ளே வருவது, அதிலிருந்து கைக்குக் கை தீபம் ஏறுவது, வருடம் முழுக்கத் தேடினாலும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல காட்சி கிடைக்காது. மதியம் தூங்கவைத்துக் கூட்டிப் போங்கள், அந்தப் பெரிய மெழுகுவர்த்தியில் அந்த வருடத்தின் நான்கு இலக்கங்களையும் ஐந்து சாம்பிராணி மணிகளையும் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், பாதியில் மடியில் தூங்கினால் தூங்கட்டும். நைலான் ஃபிராக் மட்டும் போட்டுவிடாதீர்கள், கையில் நெருப்பு இருக்கும்.

ஞாயிறு சாயங்காலம் முடிவதில்லை

ஈஸ்டர் காலம் பெந்தெகொஸ்தே வரை ஐம்பது நாள். நாற்பது நாள் தவத்தை அவ்வளவு கவனமாகக் கடந்துவிட்டு, மகிழ்ச்சியை ஒரே பிரியாணியோடு மூட்டை கட்டுகிறோம். ஈஸ்டர் சாயங்காலம் இரண்டிரண்டு பேராக நடந்துகொண்டே, உயிர்த்த இயேசு வழியில் இரண்டு சீடரோடு நடந்த எம்மாவுஸ் கதையைச் சொல்லலாம். லூக்கா சொல்கிற தூரம் சுமார் 11 கிலோமீட்டர், நீங்கள் தெருமுனை பேக்கரி வரை போய் ஒரு பன்னைப் பிட்டால் போதும். அடுத்த ஞாயிறு, நேரில் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்ற சீடர் தோமாவின் வாசகம். அவர் கி.பி. 52இல் நம் கரைக்கு வந்தார், மயிலாப்பூரில் அடக்கம் செய்யப்பட்டார் என்பது மரபு. சென்னையில் இருப்பவர்கள் அன்றைக்குப் பரங்கிமலைப் படியேறவோ சாந்தோமுக்குப் போகவோ பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம். சந்தேகப்பட்டவன் என்று திட்டித் திட்டியே அவரைப் பழகிவிட்டோம், அங்கே போனால் வேறு மாதிரித் தெரிவார்.

அப்புறம் யோவான் 21. ராத்திரி முழுக்க வலை வீசி ஒன்றும் கிடைக்காத கதையைத் தூத்துக்குடி, குமரி, நாகைப் பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டாம். விடியலில் 153 பெரிய மீன், கரையில் கரி நெருப்பு, அதன்மேல் மீன், பக்கத்தில் அப்பம், "வந்து சாப்பிடுங்கள்" என்று உயிர்த்தவரே கூப்பிடுகிறார். அந்த வாரத்தில் ஒருநாள் காலையில் மொட்டை மாடியில் கரி அடுப்பு மூட்டி மீன் சுட்டுத் தின்னலாம், முள் எடுத்துக் கொடுக்கிற வேலை அப்பாவுக்கு.