அமெரிக்காவில் சொந்த ஃபார்மசி: நஷ்ட க்ளெய்மைப் பிடிப்பது எப்படி?

அமெரிக்காவில் சின்ன ஃபார்மசி ஒன்றை வாங்கப் போகிறேன் என்று நம்மவர்கள் யாராவது வந்தால், நான் வாடகையைப் பற்றிக் கேட்பதில்லை. "நேற்று கொடுத்த மருந்துகளில் எதற்கெல்லாம் அசல்கூட வரவில்லை என்று பார்க்கத் தெரியுமா?" என்றுதான் கேட்பேன். நானும் கடை நடத்துகிறேன். கவுண்டரில் வரிசை நிற்கும் நாளில்கூடக் கல்லாவில் ஓட்டை விழும்.

காரணம், விலையை நாம் வைப்பதில்லை. இன்சூரன்சுக்கும் கடைக்கும் நடுவில் உட்கார்ந்து மருந்துப் பணத்தைக் கணக்குத் தீர்க்கும் நிறுவனமான பி.பி.எம். (ஃபார்மசி பெனிஃபிட் மேனேஜர்) வைக்கிறது. வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்.டி.சி.யின் 2024 ஜூலை அறிக்கைப்படி, கேர்மார்க், எக்ஸ்பிரஸ் ஸ்கிரிப்ட்ஸ், ஆப்டம் ஆர்எக்ஸ் என்ற மூன்று பி.பி.எம்.களின் வழியாகத்தான் நாட்டின் ஏறக்குறைய 80 சதவீத மருந்துச்சீட்டுகள் போகின்றன. இதில் கேர்மார்க், சிவிஎஸ் கடைகள், ஏட்னா இன்சூரன்ஸ் மூன்றும் ஒரே குடும்பம். நமக்குப் படியளப்பவரே எதிர்க்கடைக்காரர். சரி, வேலையைப் பார்ப்போம்.

மருந்துக்குப் பணம் கேட்டு பி.பி.எம்.முக்கு க்ளெய்ம் அனுப்பியதும் திரையில் பதில் வரும். பி.பி.எம். தரும் தொகை, மருந்தை எடுத்துக் கொடுப்பதற்கான டிஸ்பென்சிங் ஃபீ, நோயாளி தன் பங்காகக் கொடுக்கும் கோபே எல்லாவற்றையும் கூட்டுங்கள். அதே என்.டி.சி. எண்ணுக்கு (மருந்து, கம்பெனி, பேக் மூன்றையும் அடையாளம் காட்டும் எண்) ஹோல்சேலர் போட்ட பில் விலையோடு ஒப்பிடுங்கள். அசலுக்குக் கீழே போனால் எச்சரிக்கும்படி உங்கள் சாஃப்ட்வேரில் வசதி இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். மாதக் கடைசியில் ரிப்போர்ட் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். அப்பீலுக்குக் கெடு உண்டு, அது ஒப்பந்தத்தில் இருக்கும்.

அடுத்து, நேடாக். கடைகள் ஒரு மருந்தைச் சராசரியாக என்ன விலைக்கு வாங்குகின்றன என்று, அரசு மருத்துவக் காப்பீட்டைக் கவனிக்கும் சி.எம்.எஸ். இலவசமாக வெளியிட்டு, வாராவாரம் புதுப்பிக்கும் பட்டியல் இது. உங்கள் பில் நேடாக்கைவிட அதிகம் என்றால் சண்டை ஹோல்சேலரோடு. பில் நேடாக் அளவில் இருந்தும் வரவு குறைவு என்றால் சண்டை பி.பி.எம்.மோடு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பலருடைய நேரம் வீணாகிறது.

ஜெனரிக் மருந்துக்கு பி.பி.எம். வைக்கும் உச்சவரம்பு மேக் விலை. அதை எதிர்த்து நேரடியாகவோ, சின்னக் கடைகளுக்காக பி.பி.எம்.மோடு ஒப்பந்தம் பேசும் உங்கள் பி.எஸ்.ஏ.ஓ. மூலமாகவோ அப்பீல் போடலாம். மருந்துச்சீட்டின் ஆர்எக்ஸ் எண், மருந்து கொடுத்த தேதி, என்.டி.சி., க்ளெய்ம் எந்த பி.பி.எம்.முக்குப் போகிறது என்று காட்டும் பின் (BIN) எண், பில் நகல் எல்லாம் சேர்த்து அனுப்புங்கள். "இந்த என்.டி.சி. மலிவாகக் கிடைக்கிறதே" என்று பதில் வரலாம். உடனே அதை ஆர்டர் போட்டுப் பாருங்கள். ஸ்டாக் இல்லை என்று ஹோல்சேலர் காட்டினால் அந்தத் திரையைப் படமெடுத்து மறுபடி அனுப்புங்கள். எனக்கு இப்படித் திருத்திக் கிடைத்திருக்கிறது. சிலதற்குக் கிடைக்கவும் இல்லை.

அங்கேயும் கதவு மூடினால் மாநில இன்சூரன்ஸ் துறையில் புகார் கொடுக்கலாம். விலை விஷயத்தில் மாநிலம் பி.பி.எம்.மைக் கட்டுப்படுத்தலாம் என்று 2020 டிசம்பரில் அர்கன்சா மாநில வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. உங்கள் மாநிலச் சட்டத்தில் மேக் அப்பீல் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தேடி, அந்தப் பிரிவு எண்ணையே புகாரில் போடுங்கள். மெடிக்கேர் பார்ட் டி (முதியோருக்கான அரசு காப்பீட்டின் மருந்துப் பகுதி) க்ளெய்ம்களைத் தனியே பிரித்துவிடுங்கள், பெரும்பாலும் அங்கே மாநிலச் சட்டம் செல்லாது. பார்ட் டியில் ஒரு நல்லது நடந்திருக்கிறது: முன்பு மாதங்கள் கழித்து நம்மிடமிருந்து பிடுங்கிய டி.ஐ.ஆர். கட்டணம் 2024 ஜனவரி 1 முதல் கவுண்டர் விலையிலேயே கழிந்துவிடுகிறது. தொகை சின்னதாகத் தெரியும், ஆனால் பிறகு அதிர்ச்சி குறைவு. மற்ற ஒப்பந்தங்களில் 'எஃபெக்டிவ் ரேட்' (வருடம் முழுவதற்கும் சராசரியாகப் பேசிய விலை) என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வருடக் கடைசியில் பணம் திரும்பப் போகலாம்.

கோபேயைவிடக் கைக்காசு விலை குறைவாக இருந்தால் நோயாளியிடம் தாராளமாகச் சொல்லுங்கள். வாயைக் கட்டும் ஒப்பந்த விதிகளை 2018லேயே மத்திய அரசு சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. ஆனால் எல்லோருக்கும் அந்தக் குறைந்த விலையையே கொடுத்தால் அதுவே உங்கள் 'வழக்கமான விலை' என்று பி.பி.எம். பிடித்துக்கொள்ளும். தள்ளுபடித் திட்டம் ஆரம்பிக்கும் முன் ஃபார்மசி சட்டம் தெரிந்த வக்கீலிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அப்புறம், "இனி இந்த மருந்து எங்கள் மெயில் ஆர்டரில்தான்" என்று பி.பி.எம். அனுப்பிய கடிதத்தோடு வாடிக்கையாளர்கள் வருவார்கள். அதில் 'கட்டாயம்' என்று இருக்கிறதா, 'பரிந்துரைக்கிறோம்' என்று மட்டும் இருக்கிறதா என்று அவர்களோடு சேர்ந்து படியுங்கள். பரிந்துரை என்றால் பழையபடி உங்களிடமே வாங்கலாம். கட்டாயம் என்றால், வேலை செய்யும் இடத்து எச்.ஆரிடம் கேட்க வேண்டிய கேள்வியை ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள்: "எங்கள் பிளானில் பக்கத்துக் கடையில் வாங்க விலக்கு உண்டா?"