பழத்தைச் சுடும்போது எங்கே சொதப்புகிறோம்?

கத்திரி வெயிலில் அடுப்படியில் நிற்க யாருக்கும் மனசு வராது. அந்த நேரத்துக்கு ஏற்ற இனிப்பு சுட்ட பழம்தான். பாகுப் பதம் பார்க்க வேண்டாம், பால் சுண்டக் காய்ச்ச வேண்டாம், கால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் செய்து பார்க்கும் பலர் "கொழகொழன்னு ஆயிடுச்சு", "கருகிக் கசக்குது" என்று ஒரு தடவையோடு விட்டுவிடுகிறார்கள். கொழகொழப்புக்குக் காரணம் தண்ணீர். கசப்புக்குக் காரணம் பெரும்பாலும் நாமே அள்ளிப் போடும் சர்க்கரை.

கோளாறு பழக்கடையிலேயே ஆரம்பமாகிவிடுகிறது. கோயம்பேட்டிலானாலும் தெருமுனைத் தள்ளுவண்டியிலானாலும் மாம்பழக்காரர் கேட்கும் கேள்வி, "இன்னைக்கே சாப்பிடணுமா, ரெண்டு நாள் வெச்சா?" சுடுவதற்கு எப்போதும் இரண்டு நாள் தாங்கும் பழத்தையே கேளுங்கள். நன்றாகப் பழுத்தது தோசைக்கல்லில் பட்டதும் கூழாகிவிடும். காம்புப் பக்கம் அழுத்தினால் லேசாக இடம் கொடுக்கும் பங்கனபள்ளி சரியாக இருக்கும். முக்கால் பழுத்த கிளிமூக்கும் நன்றாகத் தாங்கும். இமாம்பசந்தை வாங்கிக் கல்லில் போடுவது பாவம், அப்படியே சாப்பிடுங்கள். கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைத்த பழம் எதற்கும் ஆகாது. அந்த முறைக்குத் தடை இருக்கிறது; எத்திலீன் வாயு வைத்துப் பழுக்கவைக்கத்தான் அனுமதி. தோல் முழுக்க ஒரே மஞ்சளாக இருந்தும் வாசனையே இல்லாவிட்டால் வாங்காதீர்கள்.

வாழையில் நேந்திரன்தான். தோலோடு நீளவாக்கில் பிளந்து, வெட்டிய பக்கத்தைக் கல்லில் கவிழ்த்தால் உடையாமல் வரும். ரஸ்தாளி, பூவன் என்றால் கரண்டியால் வழித்துத்தான் எடுக்க வேண்டும். புதிதாகச் செய்பவர்களுக்கு அன்னாசி சுலபம். மே மாதத்தில் கொடைக்கானல் பிளம்ஸும் பீச்சும் கிடைத்தால் விடாதீர்கள். தர்பூசணியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். வெளிநாட்டு வீடியோக்களில் அதைச் சுடுகிறார்கள்தான், நம் தோசைக்கல்லில் வேண்டாம்.

இனி ஈரம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த மாம்பழத்தை மேடைமேல் வைத்துப் பாருங்கள். சென்னையின் கடற்காற்று ஈரத்தில் சில நிமிடங்களிலேயே தோல் முழுக்க முத்து முத்தாக வியர்த்துவிடும். அதை அப்படியே நறுக்கிக் கல்லில் போட்டால் சுடாது, வேகும். மேலே தண்ணீர் இருக்கும்வரை பழத்தின் மேற்பரப்பு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. பழச்சர்க்கரை நிறம் மாற 110 டிகிரியாவது வேண்டும், சாதாரணச் சர்க்கரைக்கு 160 டிகிரி வரை போக வேண்டும். அந்தத் தண்ணீர் வற்றுவதற்குள் உள்ளே சதை குழைந்துவிடும். அதனால் பழத்தை முன்கூட்டியே வெளியே எடுத்து வையுங்கள். சுண்டுவிரல் தடிமனுக்கு நறுக்கி, சுத்தமான பருத்தித் துணியில் இருபுறமும் ஒற்றி எடுங்கள். மெல்லிசாக நறுக்கினால் நிறம் வருவதற்குள் துவண்டுவிடும். உப்பை முன்னாலேயே தூவுவதும் இதே தப்புதான், உப்பு சாறை வெளியே இழுத்துவிடும். மெரினாவில் மாங்காய்க்குத் தூவுகிற மாதிரி உப்பும் மிளகாய்த்தூளும் வேண்டுமானால் தட்டுக்கு வந்தபின் தூவுங்கள். அன்னாசிக்கு அது அபாரமாகப் பொருந்தும்.

கல் காய்ந்துவிட்டதா என்று பார்க்க தோசைக்குச் செய்வதையே செய்யலாம். நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் 'சுர்'ரென்று ஓடி மறைய வேண்டும். நான்ஸ்டிக் என்றால் மட்டும் வெறும் கல்லைப் பெரிய தீயில் விட்டுவைக்காதீர்கள், 260 டிகிரியைத் தாண்டினால் பூச்சு கெடும். துண்டுகளை நெருக்கி அடுக்கினால் ஒன்றின் ஆவியில் இன்னொன்று வெந்துவிடும். இடம் விட்டு வைத்தபின் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் கஷ்டம். நிமிடத்துக்கொரு தரம் தூக்கிப் பார்க்காதீர்கள். இரண்டு, மூன்று நிமிடத்தில் அடியில் பொன்னிறம் கட்டினால் பழமே கல்லை விட்டுவிடும். ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் இன்னும் ஆகவில்லை என்று அர்த்தம். தோசைத் திருப்பியால் சுரண்டிப் பெயர்த்தால் பாதி கல்லிலேயே நின்றுவிடும்.

எண்ணெயைக் கல்லில் ஊற்றாமல் பழத்தின்மேல் லேசாகத் தடவுங்கள். வெண்ணெயில் இருக்கும் பால் பகுதி சீக்கிரம் கருகும், நெய் தாங்கும். நேந்திரனுக்குத் தேங்காயெண்ணெய் இன்னும் பொருத்தம். தேன், நாட்டுச்சர்க்கரை எல்லாம் கடைசி அரை நிமிடத்துக்கு. முதலிலேயே தடவினால் பழம் சூடேறுவதற்குள் அது கரியாகிவிடும். கருப்பட்டிப் பாகு என்றால் அடுப்பை அணைத்தபின் மேலே ஊற்றினால் போதும்.

காலையில் வெங்காய ஊத்தப்பம் வார்த்த கல்லில் மாம்பழத்தைப் போட்டால் என்ன வாசனை வரும் என்று சொல்லத் தேவையில்லை. இரும்புக்கல் என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. அன்னாசியின் புளிப்பு, பழகிய கல்லின் எண்ணெய்ப் பூச்சை அரித்துவிடும், பழத்திலும் இரும்புச் சுவை ஏறும். பழத்துக்கென்று தனிக் கல் இருந்தால் நல்லது. இல்லையென்றால் சுட்ட கையோடு கழுவித் துடைத்து எண்ணெய் தடவி வையுங்கள், இல்லாவிட்டால் மறுநாள் தோசை பழிவாங்கும்.

கரியில் சுட ஆசைப்பட்டால் மொட்டைமாடிக்குப் போங்கள். கண்ணாடி அடைத்த பால்கனியில் கரி மூட்டவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கரி மேலெல்லாம் சாம்பல் பூத்து வெளுத்தபின் பழத்தை வையுங்கள். அதற்கு முன் வைத்தால் மண்ணெண்ணெய் வாடைதான் பழத்தில் ஏறும். மூங்கில் குச்சியில் கோர்ப்பதாக இருந்தால் அரை மணி நேரம் தண்ணீரில் ஊறட்டும்.

பரிமாறும்போது ஒரு விஷயம். பச்சை அன்னாசியில் புரதத்தைச் சிதைக்கும் ஒரு நொதி இருக்கிறது, தயிரோடு கலந்து வைத்தால் கசக்கும். சுடும்போது மேல்புறத்தில் அது அழிந்தாலும் நடுவில் மிச்சம் இருக்கும். எனவே கெட்டித்தயிரோ ஐஸ்கிரீமோ சேர்ப்பதைச் சாப்பிடும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கல்லிலிருந்து நேராக ஐஸ்கிரீம்மேல் போட்டால் கிண்ணத்தில் பாயசம்தான் மிஞ்சும், இரண்டு நிமிடம் ஆறவிடுங்கள்.

மிஞ்சியதை மறுபடி சூடு காட்டாதீர்கள், அதற்குள் நீர் விட்டிருக்கும். மாம்பழமோ நேந்திரனோ என்றால் ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் பாலோடு அடித்துக் குடிக்கலாம். அன்னாசியைப் பாலில் சேர்க்க வேண்டாம், ரசத்தில் போடுங்கள்.