கைகாட்டி இல்லாத கடற்கரைப் பாதையில் ரயில் பார்ப்பது எப்படி?

கைகாட்டி இறங்கிவிட்டால் வண்டி வரப்போகிறது என்று அர்த்தம். விளக்குச் சிக்னல் வந்த பிறகும் அதே கணக்குதான்: சிவப்பு பச்சையானதும் கேமராவைத் தூக்கிக்கொள்ளலாம். வேல்ஸ் நாட்டின் மேற்குக் கரையோரம் ஓடும் கேம்பிரியன் கடற்கரைப் பாதையில் இந்தக் கணக்கு செல்லாது. டவி ஜங்ஷனிலிருந்து புல்ஹெலி வரை ஏறத்தாழ 85 கிலோமீட்டர். வழியெங்கும் சிவப்பு, பச்சை விளக்கு எதுவும் ஓட்டுநருக்காக எரிவதில்லை. 1988-ல் வண்டிக்கான அனுமதியை ரேடியோ வழியாகக் கொடுக்கும் ரேடியோ டோக்கன் முறை வந்தபோதே பழைய கைகாட்டிகளுக்கு வேலை போய்விட்டது. 2011-ல், அந்த அனுமதியை ஓட்டுநரின் திரையிலேயே காட்டும் இஆர்டிஎம்எஸ் (ERTMS) என்ற ஐரோப்பிய முறைக்கு மாறினார்கள். பிரிட்டனில் அதை முதலில் ஏற்றது இந்தக் கேம்பிரியன் பாதைகள்தான்.

அதனால் இங்கே ரயில் பார்க்க வருகிறவர் நேரத்தையும் இடத்தையும் வானிலையையும் படிக்கத் தெரிந்துகொள்ள வேண்டும். முதன்முறை போகிறவர்களுக்காக, நான் செய்யும் வரிசையிலேயே எழுதுகிறேன்.

படி 1: பாதையை ஒரு தாளில் வரையுங்கள்

செயலியை எல்லாம் பிறகு பார்க்கலாம். முதலில் ஒரு தாள், ஒரு பென்சில். ஷ்ரூஸ்பரியிலிருந்து வரும் பாதை மஹன்லெத் தாண்டியதும் டவி ஜங்ஷனில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று தெற்கே அபெரிஸ்ட்வித் போகும். மற்றது வடக்கே திரும்பி அபெர்டவி, டவின், ஃபேர்போர்ன், பார்மத், ஹார்லெக், போர்த்மாடோக், கிரிகியத் வழியாகப் புல்ஹெலியில் முடியும்.

இது ஒற்றைத் தண்டவாளப் பாதை. எதிரெதிரே வரும் வண்டிகள் ஒன்றையொன்று கடக்கக்கூடிய லூப்புகள் டவின், பார்மத், ஹார்லெக், போர்த்மாடோக் ஆகிய இடங்களில் இருக்கின்றன. இந்த நான்கையும் தாளில் வட்டமிடுங்கள். ரயில் பார்ப்பதற்கும் சரி, ரயில் செய்தியைப் புரிந்துகொள்வதற்கும் சரி, இந்த நான்கு வட்டங்கள்தான் திறவுகோல். வடக்கே போகும் வண்டி இருபது நிமிடம் தாமதமானால், தெற்கே வரவேண்டிய வண்டி ஏதோ ஒரு வட்டத்தில் அதற்காகக் காத்து நிற்கும். எங்கே நிற்கும் என்று ஊகிக்கப் பழகிவிட்டால் பாதி வித்தை கைவந்துவிட்டது. கடக்கும் நேரத்துக்கு அந்த நிலையத்துக்குப் போய்விட்டால் இரண்டு வண்டிகளையும் அருகருகே பார்க்கலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றுதான் வண்டி வரும் பாதையில் அது பெரிய விஷயம்.

வெல்ஷ் பெயர்களைப் பார்த்துத் தயங்க வேண்டாம். ஒற்றை எஃப் 'வ' ஆகும், இரட்டை எஃப்தான் 'ஃப'. இந்த ஒரு விதி தெரிந்தாலே மோர்வா மவ்தாக், மின்ஃபோர்த் இரண்டையும் சரியாகச் சொல்லிவிடலாம்.

படி 2: வண்டி எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

பிரிட்டனில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நான்கு எழுத்துக் குறியீடு ஒன்று உண்டு: ஓர் எண், ஓர் எழுத்து, பிறகு இரண்டு எண்கள். முதல் எண்தான் முக்கியம். 1 என்றால் விரைவு வண்டி, 2 என்றால் சாதாரணப் பயணிகள் வண்டி, 5 என்றால் காலி வண்டி, 6 என்றால் சரக்கு அல்லது பராமரிப்பு வண்டியாக இருக்கும். 0 என்றால் பெட்டி எதுவுமில்லாமல் இன்ஜின் மட்டும் வருகிறது. 'ரியல்டைம் ட்ரெயின்ஸ்' தளத்தில் நிலையத்தின் பெயரைக் கொடுத்து விரிவான பார்வைக்குப் போனால் இந்தக் குறியீடுகள் தெரியும். பயணிகளுக்கான கால அட்டவணையில் வராத வண்டிகளும் அங்கேதான் தெரியும். காலையில் எழுந்ததும் 0, 5, 6 என்று தொடங்கும் ஓட்டம் ஏதாவது உண்டா என்று பார்த்துவிடுங்கள்.

அடுத்தது வண்டியின் சொந்த எண். இந்தக் கரையில் பல்லாண்டுகளாக ஓடிக்கொண்டிருப்பவை 158 வகை இரண்டு பெட்டி டீசல் வண்டிகள். முகப்பில் ஆறு இலக்க எண் இருக்கும். முதல் மூன்று வகையையும் அடுத்த மூன்று அந்த வண்டியையும் குறிக்கும். 158818 முதல் 158841 வரை, மொத்தம் 24 வண்டிகளில்தான் இந்தப் பாதைக்கு வேண்டிய கருவி பொருத்தப்பட்டது. ஆக, எண் குறித்துச் சேர்ப்பவருக்கு இலக்கு தெளிவு: 24. பெரிய நிலையத்தில் நின்று நூற்றுக்கணக்கான எண்களைத் துரத்துவதைவிட இப்படி எல்லை தெரிந்த ஒரு தொகுதியில் தொடங்குவதே புதியவருக்கு நல்லது என்பது என் கருத்து. இவற்றுக்கு மாற்றாக நியூபோர்ட்டில் கட்டப்பட்ட 197 வகை வண்டிகளை ஒதுக்கியிருக்கிறார்கள். அதனால் 158-களை இப்போதே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் ஆசைப்படுவது வேறொன்று. பிரிட்டனின் தண்டவாளங்களைப் பராமரிக்கும் நெட்வொர்க் ரயில் நிறுவனத்தின் மஞ்சள் நிற 97 வகை இன்ஜின்கள், 97301 முதல் 97304 வரை நான்கே நான்கு. 1960-களில் கட்டிய 37 வகை இன்ஜின்களை எடுத்து, இஆர்டிஎம்எஸ் கருவி பொருத்தி, புது எண் கொடுத்திருக்கிறார்கள். சோதனை வண்டி, பராமரிப்பு வண்டி, இலையுதிர் காலத்தில் தண்டவாளத்தைக் கழுவும் வண்டி என்று கேம்பிரியன் பாதைகளில் இவை வரும். அந்தப் பழைய இன்ஜினின் உறுமல் மலையில் மோதித் திரும்பி வருவதைக் கேட்டவர்கள் அதற்காகவே மறுபடியும் வருகிறார்கள்.

படி 3: சிக்னல் இல்லாத இடத்தில் ரயில் வருவதை அறிதல்

ஓட்டுநருக்கான அனுமதி ரேடியோ வழியாக நேரே அவர் முன்னுள்ள திரைக்குப் போய்விடுகிறது. நிறுத்திடங்களில் மஞ்சள் அம்பு போட்ட நீலப் பலகை இருக்கும். ஆனால் அது நிறம் மாறாது, நமக்கு எதுவும் சொல்லாது.

நம்மிடம் இருப்பவை மூன்று. ஒன்று, ரியல்டைம் தளத்தில் முந்தைய நிலையத்தை விட்ட நேரம். இரண்டு, லெவல் கிராசிங். பார்மத்திலும் ஹார்லெக்கிலும் நிலையத்தை ஒட்டியே கிராசிங் இருக்கிறது, சாலை விளக்கு மின்னத் தொடங்கினால் கேமரா தயாராக இருக்க வேண்டும். மூன்று, காது. மலைக்கும் கடலுக்கும் நடுவே ஹாரன் ஓசை நெடுந்தூரம் கேட்கும். ஆனால் கடற்காற்று பலமாக அடிக்கும் நாளில் காதை நம்பாதீர்கள். வண்டி பக்கத்தில் வந்த பிறகுதான் கேட்கும்.

படி 4: பார்மத்தில் நில்லுங்கள்

ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் வேறெங்கும் அலைய வேண்டாம். மவ்தாக் ஆற்றின் கழிமுகத்தைக் கடக்கும் பார்மத் பாலம் 1867-ல் திறக்கப்பட்டது. சுமார் 820 மீட்டர் நீளம், பெரும்பகுதி மரக்கால்கள், பார்மத் பக்கம் மட்டும் இரும்பு. 1980-ல் அந்த மரத்தைக் கப்பல் புழு அரித்திருப்பது தெரிந்தபோது பாதையே மூடப்படுமோ என்ற நிலை வந்தது. பழுதுபார்த்து மீட்டார்கள். பிறகு 2020-லிருந்து 3 கோடி பவுண்டு செலவில் பெரிய புதுப்பிப்பு நடந்தது. உளுத்த மரங்களை மாற்றினார்கள், 2023 இலையுதிர் காலத்தில் பாதையை மூடி இரும்புப் பகுதியைப் புதிதாக வைத்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் மீண்டும் வண்டி ஓடியது. மரப்பாலத்தை இடித்துவிட்டு கான்கிரீட்டில் கட்டியிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். மரத்துக்கு மரமே வைத்தார்கள் என்பதில் எனக்கு அளவில்லாத நன்றி உண்டு.

தண்டவாளத்தை ஒட்டியே நடைபாதை போகிறது. வண்டி உங்களைத் தாண்டும்போது காலடியில் பலகை அதிர்வது தெரியும். படத்துக்கு மாலை நேரம்தான் நல்லது. துறைமுகப் பக்கம், அதாவது கடலோரமாக நின்றால் வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும், பாலத்துக்குப் பின்னணியில் மலை ஒளிரும். ஓதம் ஏறும் நேரத்தையும் பார்த்து வையுங்கள். நீர் நிறைந்திருந்தால் ஒரு படம், மணல் திட்டுத் தெரிந்தால் முற்றிலும் வேறு படம்.

ஊருக்கு மேலே ஏறினால் டினாஸ் ஒலை குன்றுச்சரிவு. இயற்கை, பாரம்பரிய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்கு 1895-ல் கிடைத்த முதல் நிலம் இதுதான். அங்கிருந்து பனோரமா நடைவழிப் பக்கம் போனால் கழிமுகமும் பாலமும் ஒரே சட்டத்தில் அடங்கும். இரண்டு பெட்டி வண்டி அங்கிருந்து எறும்பு ஊர்வதுபோல்தான் தெரியும், அதனால் நீளமான லென்ஸ் கொண்டுபோங்கள்.

படி 5: செய்தியைப் படிக்கும் முறை

இந்தப் பாதையின் செய்தி பாதிக்குமேல் கடலின் செய்திதான். 2014 ஜனவரியில் வந்த புயலில் பார்மத்தை அடுத்த லானாபெரில் தண்டவாளத்துக்கு அடியிலிருந்த கரையையே அலை கொண்டுபோனது. படிப்படியாகச் சீர்செய்து, புல்ஹெலி வரை மறுபடி வண்டி போனது அந்த ஆண்டு செப்டம்பரில். அவ்வளவு தாமதமானதற்கு இன்னொரு காரணமும் இருந்தது: பென்ரின்டைட்ரைத் அருகே இருந்த பழைய மரப்பாலமான போன்ட் பிரிவெட்டுக்குப் பதிலாகப் புதுப் பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். எனவே, "பாதை மூடல்" என்று படித்ததும் முதலில் உங்கள் தாளை எடுத்து எந்த இரண்டு வட்டங்களுக்கு நடுவே என்று பாருங்கள். அடுத்து, காரணம் அலையா, மண்சரிவா, வேலையா என்று பாருங்கள். அலை என்றால் சில நாளிலும் முடியலாம், சில மாதமும் ஆகலாம். திட்டமிட்ட வேலை என்றால் தேதி முன்பே அறிவித்திருப்பார்கள்.

மண்சரிவு என்றால் வ்ரியோக் பாறைச்சரிவின் பெயர் நினைவில் இருக்க வேண்டும். ஃபேர்போர்னுக்குத் தெற்கே, கடலுக்கு நேர் மேலே பாறையைக் குடைந்த விளிம்பில் வண்டி போகிறது. 1883-லும் 1933-லும் அங்கே சரிவு விழுந்து இன்ஜின் கீழே போனது. இரண்டு தடவையும் ஓட்டுநரும், இன்ஜினில் கரி அள்ளிப்போடும் ஃபயர்மேனும் உயிரிழந்தார்கள். இரண்டாம் விபத்துக்குப் பிறகு கட்டிய கான்கிரீட் கூரைக்குள்தான் இன்றும் வண்டி நுழைந்து போகிறது. அந்த இடத்தைத் தாண்டும்போது நான் பேச்சை நிறுத்திவிடுவேன்.

புதியவர்கள் தவறவிடும் செய்திமூலம், ரயில் விபத்து விசாரணைப் பிரிவின் அறிக்கைகள். ஒன்றையாவது முழுக்கப் படியுங்கள். 2017 அக்டோபர் 20 காலையில் இந்தக் கரையில் ஒரு ஓட்டுநர், தன் திரையில் தற்காலிக வேகக் கட்டுப்பாடு வரவில்லை என்று கவனித்துச் சொன்னார். முந்தின இரவு கணினி தானாக மறுதொடக்கம் ஆனபோது அந்தத் தகவல் அழிந்திருந்தது. கட்டுப்பாட்டு மையத்தின் திரையோ எல்லாம் சரியாக இருப்பதாகக் காட்டியது. மணிக்கு 30 கிலோமீட்டரில் நெருங்க வேண்டிய லெவல் கிராசிங்கை ஒரு வண்டி 80 கிலோமீட்டரில் நெருங்கியிருக்கிறது. யாருக்கும் காயமில்லை. ஆனாலும் 2019-ல் வந்த அறிக்கை அதை வரி வரியாக ஆராய்கிறது. சிக்னல் கம்பம் இல்லாத பாதை எப்படி இயங்குகிறது என்று அதைவிடத் தெளிவாகச் சொல்லும் பாடம் எனக்குக் கிடைத்ததில்லை.

படி 6: எல்லைக்குள் நில்லுங்கள்

நடைமேடையில் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால். ஃபிளாஷ் கூடவே கூடாது. முக்காலி விளிம்பிலிருந்து தள்ளி இருக்கட்டும். பணியாளர்கள் அணியும் ஒளிரும் மேலங்கி போல எதையும் போடாதீர்கள், ஓட்டுநர் குழம்புவார். வேலிக்கு உள்ளே கால் வைத்தால் 1,000 பவுண்டு வரை அபராதம். ஒற்றைப் பாதைதானே, அடுத்த வண்டி இரண்டு மணி நேரம் கழித்துத்தானே என்ற நினைப்பு ஆபத்தானது. அட்டவணையில் இல்லாத மஞ்சள் இன்ஜினைப் பற்றி இப்போதுதான் படித்தீர்கள்.

படி 7: முதல் நாள்

ஷ்ரூஸ்பரிப் பக்கமிருந்து வந்தால் மஹன்லெத்தில் வண்டி இரண்டாகப் பிரியும். ஒரு பாதி அபெரிஸ்ட்வித், மறுபாதி புல்ஹெலி. அறிவிப்பைக் கேட்டுச் சரியான பாதியில் உட்காருங்கள், கடல் பார்க்க இடப்பக்க ஜன்னல். டவினில் சற்று இறங்கினால் தால்அலின் ரயில்வே இருக்கிறது. 1951-ல் தன்னார்வலர்கள் கையிலெடுத்து ஓட்டத் தொடங்கிய, உலகில் அவ்வகையில் முதலாவதான பாதுகாக்கப்பட்ட ரயில்பாதை. நீராவி இன்ஜின் பார்க்கும் ஆசையை அங்கேயே தீர்த்துக்கொண்டு பார்மத் போய்விடலாம்.

திரும்பும்போது ஒன்று கவனம். இந்தப் பாதையில் சின்ன நிலையங்கள் பலவும் கைகாட்டினால்தான் வண்டி நிற்கும் இடங்கள். ஒருமுறை மோர்வா மவ்தாக்கில் நான் படத்தைச் சரிபார்த்தபடி பெஞ்சிலேயே இருந்துவிட்டேன். யாரும் ஏறவில்லை என்று நினைத்து வண்டி போய்விட்டது. வண்டி கண்ணில் பட்டதுமே எழுந்து நின்று, ஓட்டுநருக்குத் தெரியும்படி கையை நன்றாக நீட்டுங்கள்.