மணலாய்த் திரண்ட சாக்லேட் பானம்: என் அனுபவம்

வீட்டில் கெட்டியான சூடான சாக்லேட் பானம் தயாரிக்க முயன்ற மூன்று நாட்களும், கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் உருக்கிய கறுப்புச் சாக்லேட், பாலைச் சேர்க்கத் தொடங்கியதுமே மணல்போலத் திரண்டது. சாக்லேட்டை மாற்றினேன், தீயைக் குறைத்தேன், வடிகட்டியபோது பாதி வடிகட்டியிலேயே தங்கியது. பாலைக் கரண்டி கரண்டியாக ஊற்றிய என் நிதானம்தான் காரணம் என்பது பிறகே புரிந்தது. சிறிதளவு ஈரம் சாக்லேட்டிலுள்ள சர்க்கரைத் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. ஈரம் போதுமானதாக இருந்தால் அதே சர்க்கரை கரைந்துவிடுகிறது. நான்காம் நாள், பொடியாக நறுக்கிய 50 கிராம் சாக்லேட்டின் மீது 50 மில்லி சூடான பாலை ஒரே தடவையில் ஊற்றி, ஒரு நிமிடம் கலக்காமல் விட்டு, நடுவிலிருந்து கலக்கியபோது பளபளப்பான கூழ் கிடைத்தது. மீதி 150 மில்லி பாலை அதன்பின் சேர்த்து, கடைந்தபடியே சூடாக்கினேன். பெரும் நிம்மதி. உருகும் சாக்லேட்டை மூடி வைத்தால், மூடியிலிருந்து சொட்டும் நீரும் இதே கோளாற்றைச் செய்யும்.