பழைய பென்ட்லி மூச்சு வாங்குவதைச் சோதிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1933-இல் டெர்பி தொழிற்சாலையிலிருந்து வந்த மூன்றரை லிட்டர் பென்ட்லியை 'ஓசையற்ற ஸ்போர்ட்ஸ் கார்' என்று சொல்லித்தான் விற்றார்கள். புகைக்குழாயை மட்டும் அடக்கி அந்தப் பெயரை வாங்கிவிட முடியாது; எஞ்சின் காற்றை உறிஞ்சும் வாயும் உறுமும். அதனால்தான் அக்காலத்துச் சொகுசு கார்களில் அந்த வாயிலும் ஒரு சைலன்சர், கூடவே ஃபில்டர். இவற்றைச் சோதிப்பவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்: ஷெட்டில் வண்டியை நிறுத்தி, ஐட்லிங்கில் கேட்டுவிட்டு, 'நன்றாக இருக்கிறது' என்று சொல்லிவிடுவது.

ஐட்லிங்கில், காற்றுவழியைத் திறந்து மூடும் தகடான திராட்டில் ஏறக்குறைய மூடியிருக்கும். அந்த 3669 சிசி எஞ்சின் அப்போது நிமிடத்துக்குச் சில நூறு லிட்டர் காற்றைத்தான் இழுக்கும். நிமிடத்துக்கு 4500 சுற்றில், திராட்டில் முழுக்கத் திறந்திருந்தாலோ பல ஆயிரம் லிட்டர். கம்பிவலை ஃபில்டரில் காற்றோட்டம் இரட்டித்தால் அழுத்த இழப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகும். பாதி அடைத்த ஃபில்டர்கூட ஐட்லிங்கில் உத்தமனாகத் தெரிவது இதனால்தான். நியூட்ரலில் முறுக்கிப் பார்ப்பதும் வீண். சுமை இல்லாமல் எஞ்சின் ஆழமாக மூச்சு வாங்காது. ஏற்றத்தில், டாப் கியரில், ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துப் பாருங்கள். ஃபில்டருக்கும், காற்றோடு பெட்ரோலைக் கலக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செருகி, மறுமுனையை நிறமிட்ட தண்ணீர் நிரப்பிய U வடிவக் குழாயில் இணைத்தால் போதும், இரு பக்க நீர்மட்ட வித்தியாசமாகத் தடை கண்ணுக்கே தெரியும். தண்ணீர் மட்டத்தைப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பார்க்கட்டும், ஓட்டுபவர் அல்ல.

இன்னொரு பொறி, செல்போனில் ஒலி அளக்கும் செயலி. ஆறு சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் ஒரு சுற்றுக்கு மூன்று முறை காற்று இழுக்கும். 1500 சுற்றில் அது நொடிக்கு 75 துடிப்பு, அதாவது 75 ஹெர்ட்ஸ், அடிவயிற்றில் உணரும் கனத்த ஒலி. செயலிகள் வழக்கமாக, கனத்த ஒலிகளைக் குறைத்துக் கணக்கிடும் 'ஏ' அளவுகோலில் அளக்கும். அது 80 ஹெர்ட்ஸில் 22 டெசிபலுக்கு மேல் கழித்துவிடும். சைலன்சரைக் கழற்றினாலும் எண் அசையாது போகலாம். கனத்த ஒலியை அவ்வளவு கழிக்காத 'சி' அளவுகோலுக்கு மாற்றுங்கள். முன்பும் பின்பும் ஒரே சாலை, ஒரே கியர், மைக் ஒரே இடம்.

சைலன்சரின் உள்ளறையும் கழுத்துக் குழாயும் குறிப்பிட்ட அதிர்வுக்காக அளவெடுத்துச் செய்தவை. 'காற்று தாராளமாகப் போகட்டும்' என்று குழாயை வெட்டிவிட்டுப் பிறகு சோதிப்பவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை.

கம்பிவலை ஃபில்டரை மண்ணெண்ணெயில் அலசி, உலர்த்தி, அப்படியே மாட்டிவிடுகிறார்கள். எண்ணெய்ப் பசை இல்லாத வலையில் நுண்தூசி தங்காது. எஞ்சின் ஆயிலில் தோய்த்து, நன்றாக வடியவிட்டு மாட்டுங்கள். வடியாமல் மாட்டினால் அந்த எண்ணெய் கார்புரேட்டருக்குள் போகும். காகித ஃபில்டருக்கு இதைச் செய்யவே கூடாது.

பெட்ரோல் மிகுந்து ஸ்பார்க் பிளக் கறுத்திருந்தால், உடனே இந்த வண்டியின் எஸ்.யூ. வகைக் கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டைத் திருகுவது கடைசித் தவறு. பெட்ரோல் தேங்கும் மிதவை அறை வெளிக்காற்றோடு தொடர்பில் இருக்க, ஃபில்டர் அடைத்தால் கார்புரேட்டரின் தொண்டையில் மட்டும் அழுத்தம் குறையும். பெட்ரோல் கூடுதலாக ஏறும். அந்த நிலையில் ஜெட்டைக் குறைத்து வைத்தால், பிறகு ஃபில்டரைச் சுத்தம் செய்த அன்றே கலவை மெலிந்து எஞ்சின் சூடேறத் தொடங்கும். முதலில் ஃபில்டர், பிறகு ஜெட்.